தேனீ வளர்ப்புப் பாடம்: ஒரு பெட்டியை இரண்டாக்குதலும் ராணி சேர்த்தலும்

சென்ற இதழ்களில் பெட்டி, சட்டம், புகைப்பான், முகவலை ஆகியவற்றைப் பற்றி எழுதியிருந்தேன். பொங்கல் விழாவில் நமது சங்க அன்பர்கள் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஸார், ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டோம். இன்னொன்றுக்கும் பணம் கொடுக்க வேண்டுமா? இதையே இரண்டாக்கிக்கொள்ள முடியாதா?"

தாராளமாக முடியும். ஆனால் பெட்டியைப் பிரிப்பது கால் மணி வேலை. பிரித்த பாதிக்கு ஒரு நல்ல ராணி அமைவதுதான் ஒரு மாத வேலை. பலர் முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அதனால் மார்ச்சில் இரண்டாக இருந்த பெட்டி ஜூலையில் மறுபடி ஒன்றாகிவிடுகிறது. சில சமயம் அந்த ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நாம் இருக்கும் ஹரியானா, பஞ்சாப் பகுதியில் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் இத்தாலியத் தேனீ. கடுகுப் பூ டிசம்பர், ஜனவரியில் வயல் முழுவதும் மஞ்சளாக விரிகிறது. மகரந்தமும் மதுரமும் தாராளமாக வருவதால் பிப்ரவரியில் குடும்பம் பெருகுகிறது. ஆண் தேனீக்களும் அப்போதுதான் தலைகாட்டுகின்றன. ஆண் தேனீக்கள் இல்லாத காலத்தில் புது ராணி பிறந்தும் பயனில்லை. ஆகவே பிப்ரவரி கடைசி முதல் மார்ச் மாதம் வரை பிரிப்பதற்கு ஏற்ற காலம். ஏப்ரலில் பிரித்தால் புதுக் குடும்பம் வலுப்பதற்குள் மே மாத வெயில் வந்துவிடும். அதன் பின் மழைக்காலத்தில் பூப்பஞ்சம்.

ராணி எப்படி உண்டாகிறாள் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ராணிக்கென்று தனி முட்டை கிடையாது. வேலைக்காரத் தேனீ பிறக்கும் அதே முட்டையிலிருந்துதான் ராணியும் பிறக்கிறாள். முட்டை 3 நாளில் பொரிக்கிறது. முதல் மூன்று நாள் எல்லாப் புழுக்களுக்கும் அரசக்கூழ் கிடைக்கிறது. பிறகு சாதாரணப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த ஆகாரம். ராணியாக வேண்டிய புழுவுக்கு மட்டும் கடைசி வரை அரசக்கூழ், அதுவும் அது மிதக்கும் அளவுக்கு. அதன் அறையும் நிலக்கடலை போலத் தொங்கும்படி பெரிதாகக் கட்டப்படுகிறது. முட்டையிட்ட 16-ஆம் நாள் ராணி வெளிவருகிறாள். வேலைக்காரத் தேனீக்கு 21 நாள், ஆண் தேனீக்கு 24 நாள். ராணியில்லாத தேனீக்கள் சாதாரணப் புழுவையே ராணியாக்கிக்கொள்ளும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் ஷிராக் என்ற பாதிரியார் கண்டறிந்தார். ராணி பெட்டிக்கு வெளியே பறந்து சென்றுதான் ஆண்களோடு சேருகிறாள் என்று கண்டவர் ஸ்விட்சர்லாந்தின் ஃபிரான்ஸ்வா ஹூபர். அவருக்குக் கண் பார்வை கிடையாது. வேலையாளின் கண்ணைக்கொண்டு ஆராய்ந்து 1792-இல் நூல் வெளியிட்டார்.

வெளிவந்த கன்னி ராணி முதிர்வதற்கு ஐந்தாறு நாள் ஆகும். நல்ல வெயிலுள்ள பிற்பகலில் பறந்து, பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு ஆகாயத்தில் சேர்ந்து திரும்புகிறாள். பின் இரண்டு மூன்று நாளில் முட்டையிடத் தொடங்குகிறாள். ஆக, பிறந்ததிலிருந்து முட்டையிடும் வரை சுமார் 12 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மேகமூட்டம் இருந்தால் இன்னும் தாமதமாகும்.

இனி, பழைய ரயில்வேக்காரனுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் நேர அட்டவணை. மார்ச் 1-ஆம் தேதி பெட்டியைப் பிரிக்கிறோம் என்று கொள்வோம். ராணியில்லாத பாதியில் அன்று காலை வரை இடப்பட்ட முட்டைகள் இருக்கும். அவற்றிலிருந்து கடைசி வேலைக்காரத் தேனீ மார்ச் 22-இல் வெளிவரும். அதன்பின் புதிய ராணியின் பிள்ளைகள் பிறக்கும் வரை ஒரு புதுத் தேனீகூடக் கிடையாது.

தேனீக்களே ராணியை வளர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அவை ஒரு நாள் வயதுள்ள புழுவை எடுத்து வளர்க்கும். அந்த ராணி மார்ச் 13-இல் வெளிவருவாள். மார்ச் 25 வாக்கில் முட்டையிடுவாள். அவளுடைய முதல் வேலைக்காரத் தேனீ ஏப்ரல் 15-இல் பிறக்கும். மார்ச் 22 முதல் ஏப்ரல் 15 வரை 24 நாள் பிறப்பே இல்லை. சுறுசுறுப்பான காலத்தில் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சுமார் ஆறு வாரம். எனவே பிரித்த அன்று பெட்டியிலிருந்த வளர்ந்த தேனீக்களில் பெரும்பாலானவை அதற்குள் இறந்திருக்கும்.

இரண்டு நாளில் வெளிவரப் போகும் முதிர்ந்த ராணி அறை ஒன்றைப் பிரித்த மறுநாள் வைத்தால், ராணி மார்ச் 4-இல் வருவாள், 16-இல் முட்டையிடுவாள், ஏப்ரல் 6-இல் புதுத் தேனீ. இடைவெளி 15 நாள். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ராணியையே வாங்கிச் சேர்த்து, அவள் மார்ச் 7-க்குள் முட்டையிடத் தொடங்கினால், மார்ச் 28-இல் புதுத் தேனீ. இடைவெளி 6 நாள்தான். விலை கொடுத்து ராணி வாங்குகிறவர்கள் உண்மையில் இந்த 18 நாளைத்தான் வாங்குகிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் ராணி வாங்க ஓட வேண்டாம். பிறப்பு நின்று போவதில் ஒரு நன்மையும் உண்டு. வரோவா உண்ணி மூடிய புழு அறைக்குள்தான் பெருகுகிறது. புழுவே இல்லாத நாட்களில் அதன் பெருக்கமும் தடைப்படும். மேலும், பலமான பெட்டிக்கு 24 நாள் இடைவெளி பெரிய சேதமில்லை. பலவீனமான பெட்டிக்குத்தான் அது மரண அடி. பத்துச் சட்டத்திலும் தேனீ நிறைந்து, ஆறு ஏழு சட்டத்தில் புழுவும் முட்டையும் இருந்தாலொழிய பிரிக்காதீர்கள்.

சரி, பிரிப்பது எப்படி? முக்கியமான ஒரு விஷயத்தை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கே மூன்று பருவம் ஆயிற்று. பெட்டியைப் பிரித்து ஒரு பாதியை அதே தோட்டத்தில் பத்தடி தள்ளி வைத்தால், வெளியே சென்று பழகிய வயதான தேனீக்கள் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். தள்ளி வைத்த பாதியில் மிஞ்சுவது இளம் தேனீக்கள் மட்டும். பழைய இடத்தில் இருப்பது பலமான பாதி, நகர்ந்த பாதி இளைய பாதி.

ராணியை வளர்ப்பதற்குப் பலம் வேண்டும். கூழ் ஊட்ட நிறைய இளம் தேனீக்களும், மதுரமும் மகரந்தமும் கொண்டுவர வெளித் தேனீக்களும் வேண்டும். ஆகவே ராணியைத் தேனீக்களே வளர்க்க வேண்டுமானால், பழைய ராணியை நான்கு சட்டங்களோடு புதுப் பெட்டிக்கு நகர்த்துங்கள். முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டங்கள் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

வெளியிலிருந்து வந்த ராணியை ஏற்பதற்கோ பலம் தேவையில்லை, இளமைதான் தேவை. அந்நிய ராணியைக் கொட்டுவதில் முன்னால் நிற்பவை வயதான தேனீக்கள். இளசுகள் எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஆகவே வாங்கிய ராணியைச் சேர்ப்பதானால் ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றுங்கள். பழைய ராணி பழைய இடத்தில் இருக்கட்டும். நகர்ந்த பாதிக்குப் புது ராணி. புத்தகங்களில் இந்த இரண்டு முறைகளும் வெவ்வேறு அத்தியாயத்தில் இருப்பதால் படிப்பவர் குழம்பிவிடுகிறார். நான் குழம்பியிருக்கிறேன்.

எந்த முறையானாலும் நகர்த்தும் பெட்டிக்கு மூடிய புழு உள்ள சட்டம் இரண்டு, தேனும் மகரந்தமும் உள்ள சட்டம் ஒன்றோ இரண்டோ கொடுங்கள். தேனீக்களே ராணி வளர்க்கும் பாதியில் மட்டும் முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டம் கட்டாயம் வேண்டும். வெளித் தேனீக்கள் திரும்பிப் போய்விடும் என்பதால், இன்னும் இரண்டு புழுச் சட்டங்களிலுள்ள தேனீக்களையும் நகர்த்தும் பெட்டிக்குள் உதறி விடுங்கள். வாயிலை இரண்டு விரல் அகலத்துக்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் கொள்ளையடித்துவிடுவார்கள். சர்க்கரைப் பாகு ஊற்றுவதானால் மாலையில், பெட்டிக்குள்ளேயே, கீழே சிந்தாமல்.

தேனீக்களே ராணி வளர்க்கும் பாதியை முழுதாக மூன்று நாள் கழித்து, நான்காம் நாள் காலையில் ஒரு முறை திறந்து பாருங்கள். அதற்குள் மூடப்பட்ட ராணி அறைகள் இருந்தால் அவற்றை நசுக்கிவிடுங்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ராணி அறை முட்டையிட்ட 8-ஆம் நாள் வாக்கில் மூடப்படுகிறது. பிரித்த மூன்று நாளுக்குள் மூடிவிட்டது என்றால், எடுத்தபோதே அந்தப் புழு இரண்டு நாளைத் தாண்டியது. அது முதலில் வெளிவரும், மற்ற அறைகளில் உள்ள தங்கைகளைக் கொன்றுவிடும், கடைசியில் நமக்குக் கிடைப்பது சிறுத்த ராணி. இன்னும் மூடாத, கூழ் ததும்பும் அறைகளே நல்லவை. அவற்றில் இரண்டு மூன்றை விட்டுவைத்தால் போதும்.

நான்கைந்து பெட்டி வைத்திருப்பவர்கள் நல்ல குணமுள்ள ஒரு ராணியின் பிள்ளைகளையே எடுத்து வளர்க்கலாம். 1889-இல் அமெரிக்காவின் டூலிட்டில் எழுதிய நூலில் விவரித்த முறைதான் இன்றும் உலகெங்கும் நடக்கிறது. மெழுகுக் கிண்ணங்களில் சிறிது கூழ் வைத்து, ஒரு நாளுக்குட்பட்ட புழுவைச் சிறு கரண்டி போன்ற ஊசியால் எடுத்து வைத்து, ராணியில்லாத பலமான பெட்டியில் கொடுப்பார்கள். பத்தாம் நாள் முதிர்ந்த அறைகளை எடுத்துப் பிரித்த பெட்டிகளுக்குப் பங்கிடலாம். எனக்குக் கண்ணாடி போட்டும் அந்தப் புழு தெரிவதில்லை. முட்டையின் அளவே இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு, அதே நாட்டின் டாக்டர் மில்லர் காட்டிய வழி சௌகரியம். மெழுகுத் தாளின் கீழ்ப்பக்கத்தை ரம்பப் பல் போல வெட்டி, சட்டத்தில் பொருத்தி, நல்ல ராணி உள்ள பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் அடை கட்டி முட்டையிட்டிருப்பாள். ஓரத்தில் முட்டை மட்டும் உள்ள பகுதியை இளம் புழு வரும் வரை கத்தியால் சீவிவிட்டு, ராணியில்லாத பெட்டியில் வைத்தால் அந்த ஓரத்திலேயே வரிசையாக ராணி அறை கட்டும். எந்தப் புழுவையும் தொட வேண்டாம்.

அடுத்தது ராணி சேர்த்தல். ஒற்றை ரயில் பாதையில் ஒரு பிளாக் செக்ஷனுக்குள் ஒரு வண்டி இருக்கும்போது இன்னொன்றை விடமாட்டோம். டோக்கன் கைக்கு வந்தால்தான் அடுத்த வண்டி. பெட்டியும் அப்படித்தான். உள்ளே வேறு ராணியோ, ராணி அறையோ, கன்னி ராணியோ இருக்கும்வரை புது ராணிக்கு டோக்கன் கிடையாது.

இந்த விதியைத் தெரிந்துகொண்டே நான் ஒரு முறை மீறினேன். ஒரு மார்ச் மாதம் பெட்டியைப் பிரித்துவிட்டேன். சொல்லி வைத்திருந்த ராணி வந்து சேர நான்கு நாள் தாமதமாயிற்று. அதற்குள் தேனீக்கள் தாமே ராணி அறை கட்டத் தொடங்கிவிட்டன. ஒன்பது அறைகளை எண்ணி எடுத்தேன். தேனீக்களை உதறாமல், புகை மட்டும் போட்டு விலக்கிப் பார்த்தது என் சோம்பேறித்தனம். பத்தாவது அறை ஒரு சட்டத்தின் அடிக்கட்டையை ஒட்டி, அடையில் இருந்த ஓட்டைக்குள் ஒளிந்திருந்தது. கூண்டை வைத்தேன். மூன்றாம் நாள் ராணி வெளியேறிவிட்டாள். மறுநாள் காலை இறங்கு பலகையில் அவள் செத்துக் கிடந்தாள், இறக்கை கிழிந்து. அந்தப் பத்தாவது அறையை அப்புறம்தான் பார்த்தேன். அது மூடியிருந்தது. சரி, அதுவாவது பிழைக்கட்டும் என்று விட்டேன். அதிலிருந்து கன்னி ராணி வெளிவந்ததை, வட்டமாக வெட்டித் திறந்திருந்த அறை நுனியைக் கொண்டு தெரிந்துகொண்டேன். ஆனால் பறக்கப் போனவள் திரும்பவில்லை. மின் கம்பியில் பஞ்சுருட்டான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் அது.

ஐந்தாவது வாரம் திறந்து பார்த்தபோது முட்டைகள் தெரிந்தன. மகிழ்ச்சியாக இருந்தது. வீட்டில் கூடச் சொல்லிவிட்டேன். மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு அறையிலும் மூன்று, நான்கு முட்டைகள், அறையின் சுவரில் ஒட்டிக்கொண்டு. ராணி அறையின் அடியில், ஒரே ஒரு முட்டைதான் இடுவாள். இவை வேலைக்காரத் தேனீக்கள் இட்டவை. ராணியும் புழுவும் இல்லாமல் மூன்று நான்கு வாரம் போனால் சில வேலைக்காரத் தேனீக்கள் தாமே முட்டையிடத் தொடங்கும். கருவுறாத அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீ மட்டுமே பிறக்கும். இந்த நிலையில் புது ராணியை வைத்தால் கொன்றுவிடும். அந்தப் பெட்டியின் தேனீக்களை மற்றப் பெட்டிகளின் எதிரே தரையில் உதறி, காலிப் பெட்டியை அங்கிருந்து எடுத்துவிட்டேன். அவை மற்றப் பெட்டிகளில் ஒண்டிக்கொண்டன. வாங்கிய ராணியின் விலையும், ஒரு குடும்பமும் போயிற்று.

ஆகவே ராணி அறை தேடும்போது ஒவ்வொரு சட்டத்தையும் பெட்டிக்குள் உதறிவிட்டு, வெறும் அடையாகப் பாருங்கள். அடியோரம், பக்கவாட்டு, அடையின் ஓட்டைகள் எல்லாவற்றையும் பாருங்கள். நல்ல ராணி அறை உள்ள சட்டத்தை மட்டும் உதறக் கூடாது, உள்ளே உள்ளது சேதமாகும். அங்கே மெல்லிய தூரிகை.

கூண்டு என்பது தீப்பெட்டி அளவுள்ள மரச் சிறு பெட்டி, ஒரு பக்கம் கம்பி வலை. ஒரு துளையில் பொடித்த சர்க்கரையைத் தேனில் கெட்டியாகப் பிசைந்த மாவை அடைக்க வேண்டும். தளர்வாகப் பிசைந்தால் வெயிலில் உருகி ராணியின் மேல் ஒட்டிவிடும். பிரித்த அன்று மாலையோ மறுநாளோ, வலைப்பக்கம் தேனீக்களுக்குத் தெரியும்படி புழுச் சட்டங்கள் இரண்டுக்கு நடுவில் கூண்டைச் செருகுங்கள். வெளியில் உள்ள தேனீக்கள் மாவைத் தின்று வழி திறப்பதற்குள் இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். அதற்குள் ராணியின் வாசனை பெட்டி முழுவதும் பரவிவிடும். ராணியின் உடலிலிருந்து வரும் ஒரு பொருளே குடும்பத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பட்லர் என்பவர் 1950-களில் விளக்கினார். தேனீக்கள் ராணியை நக்கி, அதை வாய்க்கு வாய் பகிர்ந்துகொள்கின்றன.

இரண்டாம் நாள் மெதுவாக மூடியைத் திறந்து கூண்டின் மேல் உள்ள தேனீக்களைப் பாருங்கள். வலையின் மேல் இயல்பாக நடந்து, நாக்கை நீட்டி ராணிக்கு ஊட்டினால் சம்மதம். விரலால் தள்ளினாலும் நகராமல் ஒன்றின் மேல் ஒன்றாக இறுகப் பற்றிக் கம்பியைக் கடித்தால் சம்மதமில்லை. அப்போது மாவுத் துளையை ஒரு தகரத்தால் மூடிவிட்டு, ராணி அறை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். ராணி வெளியேறிய பின் ஒரு வாரம் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஆவல் தாங்காமல் திறந்தால், கலவரத்தில் தேனீக்கள் ராணியைப் பந்துபோலச் சூழ்ந்து நெருக்கிக் கொன்றுவிடும். அப்படி ஒரு பந்து கண்ணில் பட்டால், அதை அப்படியே ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். தேனீக்கள் விட்டுவிடும், ராணியை எடுத்து மறுபடி கூண்டில் வைக்கலாம்.

விலை உயர்ந்த ராணியானால் இன்னும் பத்திரமான வழி ஒன்று உண்டு. நெருக்கமான கம்பி வலையை நான்கு அங்குலச் சதுரமாக, ஓரத்தை மடித்துத் தட்டுப் போலச் செய்து, தேனீக்கள் பிறந்துகொண்டிருக்கும் அடையின் மேல் ராணியோடு கவிழ்த்து அழுத்திவிடுவது. உள்ளே பிறக்கும் குஞ்சுத் தேனீக்களுக்கு யாரையும் அந்நியர் என்று தெரியாது. நான்கைந்து நாளில் அவளும் அதற்குள்ளேயே முட்டையிடத் தொடங்குவாள். முட்டையிடும் ராணியைக் கொல்ல எந்தக் குடும்பமும் அவசரப்படாது.

நமது பகுதியில் இத்தாலியத் தேனீ இருப்பதற்கே ராணி சேர்த்தல்தான் காரணம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1962 முதல் 1964 வரை, அப்போது பஞ்சாபில் இருந்த நக்ரோட்டா பக்வானில், பேராசிரியர் அட்வாலும் அவரது குழுவினரும் வெளிநாட்டு ராணிகளை, ராணி நீக்கப்பட்ட இந்தியத் தேனீக் குடும்பங்களிலேயே ஏற்க வைத்தார்கள். வேறு இனத்து ராணி! பழைய தேனீக்கள் ஆயுள் முடிந்து போகப் போக, பெட்டி முழுவதும் இத்தாலியத் தேனீயானது. அந்தப் பொறுமையை நினைத்தால் நாம் கூண்டு வைத்துக் காத்திருக்கும் நான்கு நாள் ஒன்றுமேயில்லை.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் உங்கள் வீட்டில் இருப்பது நியூட்டன் பெட்டியும் இந்தியத் தேனீயுமாக இருக்கும். மேலே சொன்ன முறைகள் அதற்கும் பொருந்தும். ஆனால் அது சீக்கிரம் கோபித்துக்கொண்டு கூட்டைவிட்டே ஓடிவிடும் ஜாதி. அடிக்கடி திறக்கக் கூடாது. ராணி இல்லாவிட்டால் வேலைக்காரத் தேனீ முட்டையிடுவதும் இதில் சீக்கிரம் தொடங்கிவிடும். 1991-92-இல் வந்த தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னாட்டில் இந்தியத் தேனீயைப் பெருமளவு அழித்தது. அதில் தப்பிய குடும்பங்களிலிருந்து பிரித்துப் பிரித்துத்தான் மீண்டும் பெருக்கினார்கள். நோய் கண்ட பெட்டியைப் பிரிக்காதீர்கள், அதிலிருந்து ராணியும் எடுக்காதீர்கள்.

பெட்டிக்குள் ராணி இருக்கிறாளா என்று சந்தேகம் வந்தால், வேறொரு நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை வையுங்கள். மூன்று நாளில் அதில் ராணி அறை கட்டத் தொடங்கினால் ராணி இல்லை. கட்டாவிட்டால் உள்ளே யாரோ இருக்கிறாள், கன்னியாகவாவது. இந்த ஒரு சட்டத்தை முன்பே வைத்துப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு குடும்பம் மிஞ்சியிருக்கும்.

முட்டையிடத் தொடங்கிய ராணியின் முதுகில் ஒரு பொட்டுச் சாயம் வைத்துவிடுவது நல்லது. எந்த நிறம் என்பதற்கு உலகமெங்கும் ஒரே வழக்கம்: ஆண்டின் கடைசி எண் 1 அல்லது 6 ஆனால் வெள்ளை, 2 அல்லது 7 மஞ்சள், 3 அல்லது 8 சிவப்பு, 4 அல்லது 9 பச்சை, 5 அல்லது 0 நீலம். பிரித்த தேதி, அறை மூடிய தேதி, முதல் முட்டை கண்ட தேதி மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி மூடியின் உட்புறம் குத்தி வையுங்கள். பேனாவில் எழுதினால் தேனீக்களின் மூச்சு ஈரத்தில் கலைந்துவிடும், பென்சிலில் எழுதுங்கள்.